எலியாஸ் அண்ணனின் முப்பது மைல்

செப்டம்பர் 19, வியாழன்

வயர்லெஸ் புத்தகம் மேலாபீஸிலிருந்து திரும்பி வந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. "25–30", "சுமார் 35", "40க்கு மேல்" என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் வட்டம் போட்டிருக்கிறார்கள். போதாதென்று புது ஆபீசர் நேரிலும் வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது என்னம்மா, காய்கறிக் கடையா? ரெண்டு மூணு கிலோ போடுங்கிற மாதிரி எழுதி வச்சிருக்கீங்க. ஒரு கட்டத்துக்கு ஒரு நம்பர். கம்ப்யூட்டர்ல ஏத்தணும்" என்றார்.

"சார், கடல்ல கெடக்கவன் அப்படித்தான் சொல்லுவான்."

"நீங்க கேட்டு வாங்குங்க. அதுக்குத்தான உங்கள உக்கார வச்சிருக்கு?"

பதினோரு வருடமாக இந்தச் சங்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறேன். குருசுமுனையிலிருந்து போகிற ஒவ்வொரு படகும் சாயங்காலம் ஆறு மணிக்கு என்னைக் கூப்பிட்டு எத்தனை மைல், எந்தத் திசை என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் டிரைவர் எவனும் வயர்லெஸ்ஸில் உண்மைத் தூரம் சொல்ல மாட்டான். ஜிபிஎஸ் எல்லார் படகிலும் இருக்கிறது. ஆனால் அந்தச் சேனலை நம் ஊரும் கேட்கிறது, பக்கத்து ஊரும் கேட்கிறது. மீன் பட்ட இடத்தைச் சொன்னால் மறுநாள் அங்கே நாற்பது படகு நிற்கும். அதனால் குறைத்துச் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு அளவில். இன்னாசி இருபது என்றால் இருபத்திரண்டு. அவனுக்குப் பொய் சொல்லக்கூட சோம்பல். என் கூடப்பிறந்த எலியாஸ் அண்ணன் முப்பது என்றால் நாற்பதைத் தாண்டிவிட்டான் என்று அர்த்தம். இதையெல்லாம் காதில் வாங்கி, மனதில் கூட்டி, சுமாராகப் புத்தகத்தில் ஏற்றுவதுதான் என் தொழில். இதைக் கண்ணாடிக்காரருக்கு எப்படிச் சொல்வது? எங்கள் ஆட்கள் பொய் சொல்கிறார்கள் என்றா?

"சரி சார்" என்றேன். எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

என் மகள் அபிஷாவின் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்குகிற நாள். தாய்மாமன் என்று ஒருத்தன் இருக்கிறானே, அவன் கோயிலுக்கு வரவில்லை. எஞ்சின் பார்க்கப் போயிருந்தானாம். போன் போட்டால் "பத்து நிமிஷத்துல வாறேன்." பூசை முடிந்து, போட்டோ பிடித்து, பந்தியும் முடிந்த பிறகு கையில் கிரீஸோடு வந்து நிற்கிறான். பிள்ளை வெள்ளை உடுப்பில் அழுதுகொண்டிருந்தாள். அவள் அப்பா குவைத்தில். மாமாவாவது பக்கத்தில் நிற்க வேண்டாமா?

ஊரில் இருக்கிற எல்லாருடைய பத்து நிமிஷத்தையும் சரியாகப் புரிந்துகொள்கிற நான், என் அண்ணன் சொன்னதை மட்டும் இன்றைக்கு நம்பிவிட்டேன். இனி அவனோடு பேச்சு இல்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

அண்ணனின் படகு மதியம் புறப்பட்டது. ஆறு பேர்: எலியாஸ், சேசடிமை, கித்தேரியான், மரியலூயிஸ், பவுலின், ஜோஸ்லின். பெயர்களை எழுதும்போது அண்ணன் சங்கத்து வாசலில் நின்றான். நான் நிமிரவில்லை. "எத்தன நாளுண்ணு கேக்க மாட்டியா?" என்றான். எழுத வேண்டும் என்பதால் கேட்டேன். "ஒரு வாரம் பத்து நாளு" என்றான். 8 என்று எழுதினேன். ஒரு கட்டத்துக்கு ஒரு நம்பர்.

அக்டோபர் 1, செவ்வாய்

காஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர்காரன் நாளைக்கு என்கிறான். ஸ்டவ்வில் சமைத்ததில் கண் எரிகிறது.

ஆறு மணிக்கு இருபத்திமூன்று படகு பேசின. எலியாஸ்: 30, மேற்கு. புத்தகம் இப்போது பார்க்க அழகாக இருக்கிறது. ஒரு வட்டம் போட முடியாது யாராலும்.

அக்டோபர் 3, வியாழன்

நேற்றும் அண்ணன் கூப்பிடவில்லை. இன்றும் இல்லை. காற்று பலமாக இருக்கிறது, மற்றவர்கள் பாதி வழியில் திரும்பி வருகிறார்கள். ஏழு மணி வரை கூப்பிட்டுப் பார்த்தேன். வேறு படகுகளை விட்டும் கூப்பிடச் சொன்னேன். பதில் இல்லை.

அண்ணன் மனைவி வர்ஜின் மைனி சங்கத்து வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கடைசிப் பிள்ளை இடுப்பில். "உங்க அண்ணன் உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னாவ?" என்று கேட்டாள். முப்பது மைல் மேற்கு என்றேன்.

"வேற?"

"வேற என்ன மைனி, வயர்லெஸ்ல கதையா பேசுவாங்க?"

கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

காலையிலேயே புகார் கொடுத்தோம். பதினோரு மணிக்குத் தேடும் கப்பலிலிருந்து போன். இளமாறன் என்று ஒரு அதிகாரி, மரியாதையாகப் பேசினார். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முப்பது மைல் மேற்கு. சரிதானே மேடம்?"

ஆமாம் என்றேன். புத்தகத்தில் அதுதான் இருக்கிறது.

சங்கத் தலைவர் ததேயுஸ் பெரியப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எலியாஸின் முப்பது எப்படிப்பட்ட முப்பது என்று தெரிந்தவர். அவரே வாய் திறக்காதபோது நான் என்னத்தைச் சொல்ல? கப்பல் இரண்டு மணிக்குப் புறப்பட்டது. நல்ல பெரிய கப்பல் என்கிறார்கள்.

அக்டோபர் 5, சனி

தேடினார்களாம், ஒன்றும் இல்லையாம். முப்பது மைலில் ஒரு புள்ளி வைத்து, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கணக்குப் போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம். அதற்குள் மூலை முடுக்கு விடாமல் பார்த்துவிட்டார்களாம். அந்த வட்டத்துக்குள் என் அண்ணன் இருந்தால்தானே!

முப்பது என்றால் முப்பதா? அறிவு வேண்டாமா? ஒரு மனுஷன் "முப்பத்தி ரெண்டு" என்றால் பார்த்துச் சொல்கிறான், "முப்பது" என்றால் பார்க்காமல் சொல்கிறான். இது மீன் வாங்க வருகிற பொம்பளைக்குத் தெரியும். "ஒரு நூறு தடவ சொல்லிட்டேன்" என்று நான் அபிஷாவைத் திட்டினால் அவள் நூறா என்று எண்ணிக்கொண்டா நிற்கிறாள்? படித்தவர்கள், நட்சத்திரம் குத்தினவர்கள், இவர்களுக்கு மட்டும் முப்பது என்றால் நூல் பிடித்த முப்பது.

சாயங்காலம் பிலோமி வந்தாள், சேசடிமையின் மனைவி. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கடல் வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பேப்பரில் வந்திருக்கிறது: "குருசுமுனையைச் சேர்ந்த ஐந்தாறு மீனவர்கள் மாயம்." ஐந்தாறாம்! ஆறு பேருடைய பெயரையும் நானே போனில் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். மைலை மட்டும் முப்பது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். தண்ணீருக்குத் துல்லியம், மனுஷனுக்குக் குத்துமதிப்பு. பேப்பரைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

பூசை முடிந்து அந்த அதிகாரி இளமாறன் ஊருக்கே வந்தார். கோயில் வாசலில் ஜனம் சூழ்ந்துகொண்டது. நான்தான் முன்னால் போய்ச் சத்தம் போட்டேன். "முப்பதுன்னா ஒரு அஞ்சு பத்து கூடக் கொறைய இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா சார்? நாங்க என்ன ஸ்கேல் வச்சா அளக்கோம்?"

அவர் கோபப்படவே இல்லை. புத்தகத்தின் நகலை எடுத்துக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே மேடம்? போன வருஷத்துப் பக்கத்தையும் பார்த்தேன். அப்ப சுமார், மேல், இதுலேருந்து இதுவரைன்னு எழுதியிருக்கீங்க. இந்த மாசம் எல்லாமே ஒத்தை நம்பர். சுமார்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா வட்டத்தைப் பெருசாப் போட்டிருப்போம். அது இல்லாததால இவங்க அளந்து எழுதறாங்கன்னு எடுத்துக்கிட்டோம்."

எனக்கு வந்த கோபத்தில் மேலாபீஸ், கண்ணாடிக்காரர், சிவப்பு மை எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். ஜனம் என் பக்கம் கத்தியது. இளமாறன் அதையும் குறித்துக்கொண்டார். "சரி மேடம். ஆனா அன்னைக்கு அவர் வாயால சொன்னது என்ன? அதே வார்த்தைல ஞாபகம் இருக்கா?"

அப்போது ததேயுஸ் பெரியப்பா குறுக்கே வந்தார். "சார், மெட்டில்டா எழுதினா எழுதினதுதான். எங்க ஆளுவ கூட்டிக் கொறச்சிச் சொல்லுவானுவ. இவ அத நேராக்கித்தான் எழுதுவா. பதினோரு வருஷமா ஒரு தப்பு வந்ததில்ல. எலியாஸ் இருபதுன்னு சொல்லிருப்பான், இவ முப்பதாக்கிருப்பா."

ஜனம் ஆமாம் என்றது. மைனியும் தலையாட்டினாள்.

அவர்கள் நாலு நாளாக வாய் திறக்காததற்கு இதுதான் காரணம். நான் ஏற்கெனவே கூட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பா நல்ல மனுஷர், எல்லார் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார். அதிகாரி போய்விட்டார். நாளை தேடுதலைத் தெற்கே மாற்றப் போகிறார்களாம்.

தலை வலிக்கிறது. அபிஷாவின் வெள்ளை உடுப்பைத் துவைத்து மடித்து வைத்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் சொன்னது இது: "ஒரு முப்பது, முப்பதுக்கு மேலதான் இருக்கும். நீயே பாத்து எழுதிக்க தங்கச்சி." எப்போதும் இப்படித்தான் சொல்வான். நான் நாற்பது, நாற்பத்தைந்து என்று போடுவேன். அன்றைக்கு நான், "எண்ணத்தச் சொல்லு, ஒரு நம்பர் போதும், எனக்கு வேல கெடக்கு" என்றேன்.

"முப்பதுன்னு போடு அப்பம்" என்றான். பிறகு, "பிள்ளைக்கு ஒரு" என்று ஆரம்பித்தான். ஸ்விட்சைத் தட்டி அடுத்த படகைக் கூப்பிட்டேன்.

சிவப்பு மைக்குப் பயந்து மட்டும் நான் முப்பது என்று எழுதவில்லை. புதுநன்மைக்கு வராதவனுக்கு நான் எதற்குக் கூட்டிக் கழித்து எழுத வேண்டும் என்று எழுதினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். அவன் வாயே அவனுக்கு வினையாகட்டும் என்றுகூட நினைத்தேன். நினைத்தேன்தான்.

காலை ஏழு மணிக்குக் கோயில் மணியை அடிக்கச் சொன்னேன். ஜனம் கூடியதும் சொன்னேன். அண்ணன் சொன்ன வார்த்தையைச் சொன்னேன், நான் அதை மாற்றாமல் விட்டதையும் சொன்னேன். புதுநன்மையைப் பற்றிச் சொல்லவில்லை.

பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடனே டிரைவர்களைப் பார்த்து, "எலியாஸ் முப்பதுக்கு மேலன்னா எம்புட்டுலே?" என்றார். ஒவ்வொருவனும் சொன்னான். நாற்பத்தஞ்சு. நாற்பத்தெட்டு. இன்னாசி மட்டும், "தங்கச்சியே பாத்து எழுதுன்னு சொன்னாம்னா அம்பதுல நிக்கான்" என்றான். எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள். பதினைந்து நிமிடத்தில் என் அண்ணனின் முப்பது ஐம்பதாக மாறிவிட்டது. பதினைந்து நிமிடம். வெள்ளிக்கிழமையே இந்த மணியை அடித்திருக்கலாம்.

இளமாறனுக்கும் சொன்னேன். "இப்பவாவது சொன்னீங்களே" என்றார். அதற்கு அவர் என்னை அறைந்திருக்கலாம். எட்டுப் படகு பத்து மணிக்குப் புறப்பட்டது. கப்பல் பின்னால் போகிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

கிடைத்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு இன்னாசிதான் பார்த்தானாம். எஞ்சின் வெடித்து, பேட்டரி நனைந்து, படகு காற்று போன போக்கில் போயிருக்கிறது. கிடைத்த இடத்தை முதல் தடவையாக வயர்லெஸ்ஸில் புள்ளி சுத்தமாகச் சொன்னான், ஊரே கேட்கட்டும் என்று.

அதற்குப் பிறகு, "அஞ்சு பேரு உசுரோட இருக்காவ" என்றான்.

நான் "யாரு?" என்று கேட்டேன். அறை முழுக்கப் பெண்கள் நின்றார்கள். பிலோமியும் நின்றாள்.

அக்டோபர் 9, புதன்

சேசடிமைக்கு எஞ்சின் வெடித்ததில் வயிற்றில் அடி. வெளிக்காயம் பெரிதாக இல்லை. காய்ச்சல், வாந்தி. தண்ணீரையெல்லாம் அவனுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இறந்த பிறகு மீன் வைக்கிற ஐஸ் அறையில் மிச்சமிருந்த ஐஸில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். டாக்டர், "உயிர் போறதுக்கு ஒரு நாள் முன்னால ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாக்கூட ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்" என்றாராம். சர்டிபிகேட்டில் மரணம் 48 முதல் 72 மணி நேரத்துக்கு முன் என்று எழுதியிருக்கிறது. அவருக்கு மட்டும் யாரும் சிவப்பு வட்டம் போட மாட்டார்கள்.

ஐந்தாறு பேர் என்று எழுதிய பேப்பர்காரன் சொன்னது இப்போது பலித்துவிட்டது. அவன் நாசமாகப் போக. நானும்.

அக்டோபர் 11, வெள்ளி

அடக்கம் முடிந்தது. அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். உதடெல்லாம் வெடித்து, பாதி ஆளாக இருக்கிறான். நான் போனபோது மைனி கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, சேசடிமை என்னைக்கு செத்தான்?"

கஞ்சியைப் பார்த்துக்கொண்டே, "இன்னாசி எங்கள பாக்கதுக்கு ரெண்டு மூணு நாளு முன்ன இருக்கும்" என்றான்.

"ரெண்டா? மூணா?"

"ரெண்டு மூணு நாளுன்னு வச்சிக்கயேன்."

"எண்ணத்தச் சொல்லுண்ணே!" என்று கத்திவிட்டேன். மைனி பதறிப்போய்க் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள்.

அவன் மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் தள்ளினான். அபிஷாவுக்கு ஒரு ஜெபமாலை, சிப்பி மணியில் அவனே படகில் உட்கார்ந்து கோத்தது. அன்றைக்கு வயர்லெஸ்ஸில் சொல்ல வந்தது இதைத்தான். அதை வாங்கவும் முடியவில்லை, வைத்துவிட்டு வரவும் முடியவில்லை.

கித்தேரியானிடம் கேட்டேன். "ரெண்டு மூணு நாளு இருக்கும்க்கா." மரியலூயிஸ், பவுலின், ஜோஸ்லின், மூன்று பேரும் அதே வார்த்தை. ஒரு மணிக்கு ஒரு மூடி தண்ணீர் என்று அளந்து குடித்தவர்கள். எத்தனை மூடி மிச்சம் என்று இப்போதும் சொல்கிறார்கள். கூட இருந்தவன் என்றைக்குச் செத்தான் என்று ஐந்து பேருக்கும் தெரியாதாம்!

யாரை ஏமாற்றுகிறார்கள்? இவர்கள் சொல்கிற நம்பருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதுதானே பதினோரு வருடமாக என் வேலை. எட்டாம் தேதியிலிருந்து மூன்று நாள் என்றால் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை. அப்படியென்றால் நான் வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தாலும் படகு போய்ச் சேர்ந்து அவனைக் கரைக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இரண்டு நாள் என்றால் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தால் சனிக்கிழமையே ஆஸ்பத்திரியில் இருந்திருப்பான்.

மூன்று நாளாக இருந்தால் அண்ணன் மூன்று என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். என் தங்கச்சி மேல் தப்பில்லை என்று ஊர் கூட்டிச் சொல்லியிருப்பான். ரெண்டு மூணு என்று இழுக்கிறான் என்றால் அது இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா என்னைப் புகழ்ந்துகொண்டிருந்த நாள்.

அக்டோபர் 14, திங்கள்

கண்ணாடிக்காரர் போன் செய்தார். இனி "சுமார்" என்று எழுதலாமாம், புதுச் சுற்றறிக்கை வருகிறதாம். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அவர் மேல் இருக்கிற கோபம் தீரவில்லை. ஆனால் அவரைத் திட்டித் திட்டி என் பங்கைக் கழித்துக்கொள்ள முடியவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

பிலோமி சங்கத்துக்கு வந்தாள். கல்லறைக்குக் கல் வெட்டக் கொடுக்கிறாளாம். பெயர் எழுதிவிட்டார்கள், பிறந்த தேதி எழுதிவிட்டார்கள். கொத்தனார் இறந்த தேதி கேட்கிறார்.

"எல்லாரும் ரெண்டு மூணு நாளுங்காவ. கல்லுல அப்படி வெட்ட முடியுமாக்கா? ஃபாதர் அஞ்சுன்னு போடச் சொல்லுதாரு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு வந்தேன். நீங்கதான ஆம்பிளைய சொல்லுத எண்ணத்த நேராக்கிச் சொல்லுவிய."

ஐந்து என்று சொல்லியிருக்கலாம். ஊரே அதைத்தான் எனக்குக் கையில் கொடுத்து வைத்திருக்கிறது. அண்ணன், நாலு பேர், ஃபாதர், டாக்டர்கூட.

"ஆறு" என்றேன். "ஆறாம் தேதி."

தலையாட்டினாள். எழுந்து வாசல் வரை போனாள். அங்கே நின்று விரல் விட்டு எண்ணினாள். வெள்ளி, சனி, ஞாயிறு. மோதிர விரல் வரை வந்து நின்றாள். நான் மணி அடித்துச் சொன்ன திங்கட்கிழமைக் காலையில் அவள் முன்வரிசையில்தான் நின்றிருந்தாள்.

திரும்பி வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். மேசை மேல் இருந்த புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, அக்டோபர் ஒன்றாம் தேதிப் பக்கத்தை எடுத்து, அந்த முப்பதின் மேல் விரலை வைத்தாள்.

"ஆறாம் தேதி எத்தன மணிக்கு?" என்றாள்.

"அது தெரியாது பிலோமி."

"ஒங்க அண்ணனுக்குத் தெரியும். கேட்டுட்டு வாங்க. காலையில, சாயங்காலம்னு எல்லாம் வந்து சொல்லாதிய. சரியா கேட்டுட்டு வாங்க."

அவள் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். நான் கேட்கப் போகிறேன்.